இறக்கை மேல் ஒரு சிட்டிகை உப்பு: சிறிய விமானமும் உறைபனியும்

போன டிசம்பரில் ஒரு ராத்திரி, மணி 11 தாண்டியிருக்கும், கோலாலம்பூர் செந்தூல் வீட்டில் விளக்கை அணைக்கப் போன நேரத்தில் அக்கா மகன் கனடாவிலிருந்து கூப்பிட்டான். ஆல்பர்ட்டாவில் பைலட் படிப்பு, போய் நாலு மாதம்தான் ஆகிறது. அங்கே காலை எட்டு மணி. "மாமா, ரெக்கை மேல மாவு தூவின மாதிரி வெள்ளையா இருக்கு. ஓடும்போது தானா பறந்துடும்னு பக்கத்துல ஒரு பையன் சொல்றான். நிஜமா?" என்றான். போனைத் திருப்பிக் காட்டினான். செஸ்னா 172 என்ற சிறிய பயிற்சி விமானம், இன்னும் சரியாக விடியாத வெளிச்சம், இறக்கையின் முன் விளிம்பு நெடுக மெல்லிய வெள்ளைப் பூச்சு. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

பறக்காது, தொடாதே, பயிற்சியாளரைக் கூப்பிடு என்று மட்டும் அவசரமாகச் சொன்னேன். அப்புறம் படுத்தும் தூக்கம் வரவில்லை. நான் கோலாலம்பூர் பக்கத்துச் சுபாங் விமான நிலையத்தில் சிறிய விமானங்களைப் பராமரிக்கும் வேலையில் பல வருடமாக இருக்கிறேன், நடுவில் இரண்டு குளிர்காலம் கனடாவில் ஒரு பறக்கும் பள்ளியில் வேலை பார்த்தேன். நம் வீட்டுப் பிள்ளைகள் இப்போது கனடா, நியூசிலாந்து, பிரிட்டன் என்று பைலட் படிக்கப் போகிறார்கள். பனியே பார்க்காத ஊரிலிருந்து போகிறவர்களுக்கு இதை யாராவது முதலிலிருந்து, தமிழில், நிதானமாகச் சொல்லவேண்டும். அதனால் எழுதுகிறேன்.

முதல் சிக்கல் நம் மொழியிலேயே இருக்கிறது. நமக்கு எல்லாமே பனி. "தைப் பனி தரையைத் துளைக்கும்" என்று பாட்டி சொல்வது புல் மேல் விழும் ஈரத்தை. இமயமலையில் இருப்பதும் பனி, காலையில் சாலையை மறைப்பதும் பனி. விமானத்தின் பக்கத்தில் நிற்கும்போது இந்த ஒரே சொல் போதாது. துளித்துளியாக நிற்கும் தண்ணீர் பனித்துளி, அதனால் ஆபத்து இல்லை. தண்ணீராகாமலே, காற்றிலிருக்கும் ஈரம் நேராகப் பொடிப்பொடியாக ஒட்டிக்கொள்வது உறைபனி. வானத்திலிருந்து பஞ்சு போல விழுவது வெண்பனி. தண்ணீர் தேங்கி இறுகினால் பனிக்கட்டி. இதற்கெல்லாம் மேலே ஒன்று உண்டு, உறைமழை: மழையாகத்தான் விழும், விமானத்தின் மேல் பட்ட மாத்திரத்தில் கண்ணாடி மாதிரி இறுகிவிடும். இருப்பதிலேயே மோசமானது அதுதான்.

இதில் புதிதாகப் போகிறவர்களை ஏமாற்றுவது உறைபனி. வெண்பனி குவிந்து கிடந்தால் யாரும் கிளம்ப மாட்டார்கள், கண்ணுக்கே தெரிகிறது. உறைபனி அப்படியில்லை, பெயின்ட் கொஞ்சம் மங்கிப்போன மாதிரிதான் இருக்கும்.

அது எப்படி வருகிறது என்பதை நம் ஊரிலேயே பார்க்கலாம். மழை பெய்யாத, மேகமில்லாத, காற்று அசையாத ராத்திரிக்கு அடுத்த நாள் காலையில் வெளியே நிறுத்திய மோட்டார் சைக்கிளின் சீட்டைத் தொட்டுப் பாருங்கள், நனைந்திருக்கும். கூரைக்கடியில் நிறுத்திய பக்கத்து வீட்டு வண்டியில் அந்த ஈரம் இருக்காது. திறந்த வானத்தைப் பார்த்து நிற்கிற எந்தப் பொருளும் ராத்திரி முழுக்கத் தன் சூட்டை மேலே விட்டுக்கொண்டே இருக்கும், அதனால் சுற்றியிருக்கும் காற்றைவிடக் கூடச் சில டிகிரி குளிர்ந்துபோகும். அதை ஒட்டி இருக்கும் காற்றும் குளிரும். ஓர் அளவுக்குக் கீழே குளிர்ந்தால் காற்றால் தன் ஈரத்தை வைத்துக்கொள்ள முடியாது, கொட்டிவிடும். அந்த அளவுக்குப் பனிநிலை என்று பெயர். கோலாலம்பூரில் பனிநிலை 23, 24 டிகிரி வாக்கில் இருக்கும், அதனால் நமக்குக் கிடைப்பது தண்ணீர். அதே எண் ஆல்பர்ட்டாவில் குளிர்காலத்தில் பூஜ்யத்துக்கு ரொம்பக் கீழே போய்விடும். அப்போது ஈரம் தண்ணீர் ஆகும் கட்டத்தையே தாண்டி நேராகப் பொடியாக ஒட்டும். பழைய ஃபிரிட்ஜின் ஐஸ் பெட்டிச் சுவரில் வெள்ளையாக வளருமே, அதுதான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இறக்கை காற்றைவிடக் குளிராக இருக்கிறது என்று சொன்னேன். அப்படியென்றால் வெப்பமானி 2 டிகிரி, 3 டிகிரி காட்டும் காலையிலும் இறக்கை மேல் உறைபனி இருக்கலாம். "பூஜ்யத்துக்கு மேலேதானே இருக்கு" என்று பார்க்காமல் போவது பலர் செய்யும் தப்பு. இதே கதை வேறு வழியிலும் வரும். மாமாக் கடையில் தே ஐஸ் கிளாஸின் வெளிப்பக்கம் வேர்க்கிறது இல்லையா, உள்ளே குளிர்ந்தது இருப்பதால். உயரத்தில் வெகுநேரம் பறந்துவிட்டு இறங்கிய விமானத்தின் இறக்கைக்குள் இருக்கும் பெட்ரோல் அப்படித்தான் குளிர்ந்து கிடக்கும். வெளியே ஈரக் காற்று, உள்ளே உறைகுளிர் பெட்ரோல். மேலே ஐஸ் கட்டுவதற்கு அது போதும்.

சரி, கட்டினால் என்ன? மாவு மாதிரிதானே, எவ்வளவு எடை இருக்கப்போகிறது?

எடை முக்கியமே இல்லை. இதை மட்டும் புரிந்துகொண்டால் மீதியெல்லாம் தானாகப் புரியும். விமானம் மேலே நிற்பது இறக்கையின் உருவத்தால். காற்று முன் விளிம்பில் பிரிந்து, மேல்பக்க வளைவை ஒட்டி, கடைசி வரைக்கும் விலகாமல் வழுக்கிப் போகவேண்டும். அப்படிப் போகிற வரைக்கும் தூக்குவிசை இருக்கும். பைலட் மூக்கை உயர்த்த உயர்த்தத் தூக்குவிசை கூடும், ஆனால் ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் காற்று இறக்கையை விட்டுக் கழன்றுவிடும், தூக்குவிசை சட்டென்று சரியும். அதைத்தான் ஸ்டால் என்கிறோம். இறக்கையை ஒட்டிப் போகும் காற்றின் கடைசி அடுக்கு மிக மெல்லியது, மிக லேசாகக் கலைந்துவிடக்கூடியது. சொரசொரப்பு அந்த அடுக்கைத்தான் தாக்குகிறது. தேய்ப்புத் தாள் அளவு சொரசொரப்பு முன் விளிம்பிலும் மேல்பக்கத்திலும் இருந்தாலே தூக்குவிசை 30 சதவீதம் வரை குறையலாம், இழுவை 40 சதவீதம் வரை கூடலாம் என்று காற்றுச் சுரங்கச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள்.

அமெரிக்காவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2004 கடைசியில் பைலட்டுகளுக்கு விடுத்த எச்சரிக்கையில் இதை யாருக்கும் புரிகிற மாதிரி சொன்னது. சாப்பாட்டு உப்புப் பரல் அளவுக்கு ஐஸ், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு பரல் என்ற கணக்கில் இறக்கை மேல் சிதறி இருந்தால், விமானம் எழும்ப முடியாத அளவுக்குத் தூக்குவிசையை அது அழித்துவிடலாம். சமையலறையில் இதைச் செய்து பாருங்கள். ஒரு தட்டைக் கவிழ்த்து, சுண்டுவிரல் நகத்தளவு இடத்துக்கு ஒரு பரல் வருகிற மாதிரி உப்பைத் தூவுங்கள். இரண்டடி தள்ளி நின்றால் தட்டு சுத்தமாகத்தான் தெரியும். ஈரமில்லாத உள்ளங்கையை மேலே ஓட்டினால்தான் தெரியும்.

இன்னொரு கெட்ட குணமும் இதற்கு உண்டு. ஸ்டால் வரப்போகிறது என்று கத்துகிற ஹார்ன், சுத்தமான இறக்கையின் எல்லையை வைத்துச் செய்தது. உறைபனி அந்த எல்லையையே முன்னால் இழுத்துவிடுகிறது. அதனால் ஹார்ன் கத்துவதற்கு முன்பே இறக்கை கைவிட்டுவிடலாம். அது மட்டுமில்லை, தரைக்கு மிக அருகில், ஓர் இறக்கை நீளத்துக்குள், விமானத்துக்குக் கொஞ்சம் கூடுதல் தாங்கல் கிடைக்கும். அழுக்கு இறக்கையோடும் அது ரன்வேயை விட்டு எழும்பிவிடும். "பார், ஒன்றும் ஆகவில்லை" என்று தோன்றும் அந்த நொடியில்தான் அது தாங்கலை விட்டு மேலே போகப் பார்த்து, முடியாமல் தொங்கும். முன்னால் ரன்வே முடிந்திருக்கும்.

நடந்த இரண்டைச் சொல்கிறேன். 1989 மார்ச் 10, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் டிரைடன் என்ற சிற்றூர். ஏர் ஒன்டாரியோவின் ஃபோக்கர் எஃப்-28 ஜெட், உள்ளே 69 பேர். எரிபொருள் நிரப்பும்போது வெண்பனி விழுந்துகொண்டிருந்தது. பெரிய எஞ்சின்களைக் கிளப்ப உதவும் துணை எஞ்சின் பழுது, அந்த விமான நிலையத்தில் எஞ்சினை மறுபடி கிளப்பித் தரும் கருவி இல்லை, அதனால் ஓர் எஞ்சினை அணைக்காமலே வைத்திருந்தார்கள். அந்த வகை விமானத்தில் எஞ்சின் ஓடும்போது பனி நீக்கும் திரவம் அடிக்கக்கூடாது. அடிக்கவில்லை. கிளம்பிய கையோடு மரங்களில் விழுந்தது, 24 பேர் இறந்தார்கள். இறக்கை மேல் பனி இருந்ததை உள்ளே இருந்தவர்கள் சன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார்கள். பயணிகளில் விமானம் ஓட்டத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். முன்னால் போய் யாரும் சொல்லவில்லை. நீதிபதி வர்ஜில் மொஷான்ஸ்கி தலைமையில் விசாரணைக் குழு அமைத்து, தனியாக ஒரு பைலட் மேல் பழி போடாமல், அந்த முடிவுக்கு அவரைத் தள்ளிய எல்லாவற்றையும் தோண்டினார்கள். இன்றைக்கு எந்தக் கனடாப் பறக்கும் பள்ளியிலும் பனி பற்றி இவ்வளவு கறாராகப் பேசுவதற்கு டிரைடன் ஒரு பெரிய காரணம்.

அது ஜெட், நமக்கென்ன என்று நினைக்கவேண்டாம். 2004 ஜனவரி 17, எரி ஏரியில் இருக்கும் கனடாவின் பீலி தீவு. செஸ்னா 208 கேரவன், ஒற்றை எஞ்சின், உள்ளே 10 பேர். இறக்கையில் ஐஸ் இருந்தது, எடையும் அளவுக்கு மேல். ஏரியில் விழுந்தது, யாரும் பிழைக்கவில்லை.

இதனால்தான் விதி மிக எளிமையாக இருக்கிறது. கனடா விதிப்படி இறக்கை, வால் பகுதி, அசையும் பரப்புகள், புரொப்பெல்லர் இவற்றில் உறைபனியோ வெண்பனியோ ஐஸோ ஒட்டியிருந்தால் புறப்பட முயற்சிக்கவே கூடாது. கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை என்ற கணக்கே கிடையாது. அமெரிக்காவில் ஒரு காலத்தில் சில வகைப் பறத்தல்களுக்கு, உறைபனியைத் தேய்த்து வழவழப்பாக்கிவிட்டால் போகலாம் என்று இடம் கொடுத்திருந்தார்கள். 2010 தொடக்கத்தில் அதையும் எடுத்துவிட்டார்கள். எவ்வளவு தேய்த்தால் வழவழப்பு என்று யார் அளப்பது?

இப்போது நீக்குகிற வேலைக்கு வருவோம்.

எல்லாவற்றிலும் நல்ல வழி, பனி படாமலே பார்த்துக்கொள்வது. ராத்திரி ஹேங்கருக்குள், அதாவது விமானக் கொட்டகைக்குள், நின்ற விமானத்துக்கு உறைபனி வராது, ஏனென்றால் அது வானத்தைப் பார்க்கவில்லை, கூரைக்கடியில் நின்ற மோட்டார் சைக்கிள் மாதிரி. ஹேங்கர் வாடகை கொடுக்க முடியாதவர்கள் இறக்கைக்கும் வாலுக்கும் துணி உறை போடுகிறார்கள். நல்ல பழக்கம்தான், ஆனால் ஈர இறக்கை மேல் உறையைப் போட்டால் காலையில் உறையும் இறக்கையும் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருக்கும், பிய்க்கும்போது பெயின்டும் வரும். துடைத்துக் காயவைத்த பிறகே போடவேண்டும்.

ஹேங்கரிலும் ஒரு பொறி இருக்கிறது, அதில் நானே விழுந்தேன். என் முதல் குளிர்காலம், வெளியே வெண்பனி லேசாகத் தூவிக்கொண்டிருந்தது. சூடு போட்ட ஹேங்கரிலிருந்து ஒரு விமானத்தைத் தள்ளி வெளியே நிறுத்தினோம். மாணவர் வரத் தாமதம், அரை மணி நேரம் நின்றது. நான் மென்மையான துடைப்பத்தால் மேலே கிடந்த பனியைத் தள்ளிவிட்டேன், சுலபமாகப் போய்விட்டது, சுத்தம் என்று கையைக் காட்டினேன். கூட இருந்த மூத்த மெக்கானிக் ஒன்றும் பேசாமல் ஏணியைக் கொண்டுவந்து சாய்த்து, ஏறி, பல்லால் கையுறையைக் கடித்துக் கழற்றி, வெறும் உள்ளங்கையை முன் விளிம்பிலிருந்து பின்னால் ஒரு முறை ஓட்டினார். இறங்கி வந்து என்னையும் ஏறச் சொன்னார். தொட்டேன். கண்ணுக்குப் பெயின்ட்தான் தெரிந்தது, கைக்குச் சொரசொரவென்று பூனை நாக்கு மாதிரி இருந்தது. ஹேங்கரின் சூட்டில் இருந்த இறக்கை மேல் முதலில் விழுந்த பனி உருகியிருக்கிறது, இறக்கை குளிர்ந்ததும் அந்தத் தண்ணீர் இறுகியிருக்கிறது, அதற்கு மேல் விழுந்தது மட்டும்தான் உலர்ந்த பனி. நான் தள்ளியது அந்த மேல் அடுக்கை. அன்றைக்கு அந்த மனிதர் ஏணியை எடுக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். வெளியே பனி விழுகிறதென்றால் இறக்கை வெளிக்காற்றின் அளவுக்குக் குளிர்கிற வரை ஹேங்கர் கதவைத் திறந்து வைத்து, அப்புறம் வெளியே எடுப்பது நல்லது. அப்போது விழுகிற உலர்பனி ஒட்டாது.

செஸ்னா மாதிரி இறக்கை உச்சியில் இருக்கும் விமானங்களுக்கு ஏணி இல்லாமல் வேலையே இல்லை. தரையில் நின்றால் உங்களுக்குத் தெரிவது இறக்கையின் அடிப்பக்கம். தூக்குவிசையைக் கெடுப்பது மேல்பக்கம்.

உலர்ந்த வெண்பனிக்குத் துடைப்பம் போதும், ஆனால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஆன்டெனாவையும் வேகத்தை அளக்க உதவும் பிட்டோட் குழாயையும் தட்டாமல், ஹின்ஜ் (கீல்) இடுக்குகளுக்குள் பனியைத் திணிக்காமல் தள்ளவேண்டும். உறைபனி என்றால், வெயில் இருக்கும் காலையில் செலவில்லாத வழி, விமானத்தைத் திருப்பி வெயிலைக் காட்டுவது. பத்து நிமிடத்தில் ஒரு பக்கம் தண்ணீராகிவிடும். நிழல் விழுந்த பக்கம் அப்படியே வெள்ளையாக இருக்கும், அதனால் மறுபடி திருப்பவேண்டும், அப்புறம் இரண்டு பக்கமும் துணியால் ஒற்றி எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் உருகின தண்ணீர் இறக்கையின் பின் விளிம்பில் அசையும் ஏலரானின் இடுக்கில் ஓடிப்போய் நிழலில் மறுபடி இறுகும். வெயில் இல்லையென்றால் கயிறு. இறக்கைக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் நின்று, கயிற்றை இறக்கை மேல் போட்டு ரம்பம் அறுக்கிற மாதிரி மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டே நுனி வரை நகர்வார்கள். கனத்த உறைபனி உதிரும், மெல்லிய மிச்சம் நிற்கும். அந்த மிச்சத்தைத் திரவத்தாலோ ஹேங்கர் சூட்டாலோ எடுக்காமல் போகக்கூடாது.

செய்யக்கூடாதவை மூன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கார் கண்ணாடியைச் சுரண்டுகிற பிளாஸ்டிக் தகட்டையோ வங்கி அட்டையையோ கொண்டு இறக்கையைச் சுரண்டாதீர்கள், அலுமினியத் தோல் மிக மெல்லியது. சிறிய விமானத்தின் முன்கண்ணாடி உண்மையில் கண்ணாடியே இல்லை, அக்ரிலிக், ஒரு கீறல் விழுந்தால் எதிர் வெயிலில் ஒன்றும் தெரியாது. கடையில் வாங்கும் கார் திரவங்களில் இருக்கும் ஆல்கஹால் அதில் மயிரிழை வெடிப்புகளை உண்டாக்கும். அப்புறம் சுடுதண்ணீர். நம் ஆட்களுக்கு முதலில் தோன்றுவதே இதுதான், எனக்கும் தோன்றியது. கொட்டும்போது உறைபனி மாயமாக மறையும். மைனஸ் 14 டிகிரியில் அந்தத் தண்ணீர் ஓடி முடிவதற்குள் கெட்டி ஐஸாகிவிடும், அதுவும் ஹின்ஜுக்குள்ளே. முன்பிருந்ததைவிட மோசமான நிலையில் நிற்பீர்கள்.

திரவம் பற்றி. பெரிய விமான நிலையங்களில் லாரி மேல் கூடை வைத்துப் பீய்ச்சி அடிப்பதை வீடியோவில் பார்த்திருப்பீர்கள். கிளைக்கால் என்ற ரசாயனம் கலந்த தண்ணீர் அது, உறைநிலை மிகக் கீழே. நாலு வகை உண்டு, பார்த்தவுடன் தெரியவேண்டும் என்று சாயம் போட்டிருப்பார்கள். முதல் வகை ஆரஞ்சு நிறம், தண்ணீர் மாதிரி நீர்த்தது, 60 டிகிரிக்கு மேல் சூடாக்கி அடிப்பார்கள், அந்தச் சூடும் பீய்ச்சும் வேகமும்தான் ஐஸைப் பெயர்க்கின்றன. நாலாவது வகை பச்சை, பாகு மாதிரி கெட்டி. அது நீக்குவதற்கு இல்லை, சுத்தமான இறக்கை மேல் போர்வை மாதிரி உட்கார்ந்து, புதிதாக விழுகிற பனியைத் தன்னில் கரைத்துக்கொள்ளும். வெளிர்மஞ்சளாகவோ நிறமே இல்லாமலோ வரும் இரண்டாவது வகையும் கெட்டிதான். மூன்றாவது பளிச்சென்ற மஞ்சள், இடைப்பட்ட கெட்டி.

சிறிய விமானக்காரர்கள் நன்றாகக் கவனிக்கவேண்டிய இடம் இது. பச்சைப் பாகு இறக்கையை விட்டு வழிந்து போவதற்கு ஒரு வேகம் வேண்டும். ரன்வேயில் 100 நாட் (மணிக்குச் சுமார் 185 கிலோமீட்டர்) வேகத்துக்கு மேல் ஓடி எழும்புகிற விமானங்களுக்காகச் செய்தது அது, காற்றின் வேகத்தில் இளகி உரிந்துவிடும். செஸ்னா 172 மூக்கைத் தூக்குவது 55 நாட் வேகத்தில். அந்த வேகத்தில் பாகு அப்படியே இறக்கை மேல் நிற்கும். ஐஸை எடுக்கப் போய், ஐஸுக்குப் பதிலாகப் பாகைச் சுமந்துகொண்டு எழும்புவீர்கள். எந்த வகை அடிக்கலாம் என்று உங்கள் விமானத்தின் கையேடு சொல்வதை மட்டும் செய்யுங்கள். பெரும்பாலும் அது முதல் வகையாக இருக்கும், சின்னப் பள்ளிகளில் தோட்டத்துக்கு மருந்தடிக்கும் கைப்பம்பு மாதிரி ஒன்றில் ஊற்றி அடிப்பார்கள். விலை அதிகம், மாணவர்கள் சிக்கனம் பார்ப்பார்கள். இறக்கைக்கு மட்டும் அடித்துவிட்டு வாலை விட்டுவிடுவது அப்படித்தான் நடக்கிறது. வால்தான் மூக்கை உயர்த்தித் தருகிறது, இறக்கைக்கு உள்ள அதே விதி அதற்கும் உண்டு.

திரவம் அடித்த பிறகு எவ்வளவு நேரம் தாங்கும் என்பதற்கு அட்டவணை இருக்கிறது. கனடாவும் அமெரிக்காவும் ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் புதிதாக வெளியிடுகின்றன. என்ன விழுகிறது, எவ்வளவு குளிர், எந்தத் திரவம் என்று பார்த்து நிமிடக் கணக்கில் சொல்லும். கடைசிப் பூச்சை அடிக்க ஆரம்பித்த நொடியிலிருந்து கடிகாரம் ஓடும், அடித்து முடித்த நேரத்திலிருந்து இல்லை. முதல் வகை நீர்த்தது என்பதால் பனி விழும்போது மிகச் சில நிமிடங்கள்தான் தாங்கும், அதற்குள் நீங்கள் ரன்வே முனையில் வரிசையில் நின்றுகொண்டிருப்பீர்கள். கனத்த உறைமழைக்கு எந்தத் திரவத்துக்கும் நேரமே கொடுக்கவில்லை, போகாதே என்று அர்த்தம்.

இதோடு சேர்த்து ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடவேண்டும். தரையில் திரவம் அடித்துக்கொண்டதால் மேலே பனிமேகத்துக்குள் பறக்கலாம் என்று ஆகாது. அடித்ததெல்லாம் எழும்பும்போதே போய்விடும். பறக்கும்போது ஐஸ் நீக்க இறக்கையில் ஊதி உப்பும் ரப்பர் பட்டை, திரவம் கசியும் விளிம்பு போன்ற ஏற்பாடுகள் சில விமானங்களில் உண்டு, சாதாரணப் பயிற்சி விமானங்களில் இல்லை.

சுத்தம் செய்தபின் சுற்றி வரும்போது கண்ணில் படாத சின்னச் சின்ன இடங்களைத் தேடிப் பாருங்கள். பிட்டோட் குழாயின் வாய், பக்கவாட்டிலுள்ள சிறு துளைகள்: இவை அடைத்தால் வேகமும் உயரமும் பொய் சொல்லும். 172-இல் ஸ்டால் ஹார்னுக்கான துளை இடது இறக்கையின் முன் விளிம்பில் இருக்கிறது, அது அடைத்தால் ஹார்னே இல்லை. பெட்ரோல் டாங்கின் காற்றுத் துளை. எஞ்சினுக்கடியில் நீட்டியிருக்கும் மூச்சுக் குழாய்: அதன் நுனியில் ஐஸ் அடைத்தால் எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறி, முன் சீல் வெடித்து எண்ணெயெல்லாம் வெளியே வந்துவிடும். சக்கர மூடிக்குள் சேறும் பனியும் சேர்ந்து, மேலே போய் உறைந்து, இறங்கும்போது சக்கரம் சுழலாமல் நிற்பதும் உண்டு, அதனால் பலர் குளிர்காலத்தில் அந்த மூடியையே கழற்றி வைத்துவிடுவார்கள். கடைசியாக, உள்ளே உட்கார்ந்து எல்லாக் கட்டுப்பாடுகளையும் முழுக்க, இரண்டு பக்கமும், முட்டுகிற வரைக்கும் அசைத்துப் பாருங்கள். இடுக்கில் உறைந்த தண்ணீர் அப்போதுதான் பிடிபடும்.

இவ்வளவும் குளிர் நாட்டுக் கதை என்று சுபாங்கில் படிக்கிற தம்பி தங்கைகள் மூடி வைத்துவிடவேண்டாம். வெளியே 28 டிகிரி வேர்வையில் நிற்கும்போதும் உங்கள் விமானத்துக்குள் ஐஸ் கட்டலாம். காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டர் உள்ள எஞ்சினில் காற்று ஒரு குறுகலான கழுத்து வழியாகப் போகிறது, அங்கே அழுத்தம் குறைகிறது, பெட்ரோலும் ஆவியாகிச் சூட்டை உறிஞ்சுகிறது. அந்த இடத்தில் மட்டும் வெப்பம் 20, 30 டிகிரி விழும். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? குறைந்த சக்தியில் எஞ்சின் ஓடும்போது, அதாவது ரன்வேக்கு ஊர்ந்து போகும்போதும் இறங்கும்போதும், பட்டாம்பூச்சி வால்வைச் சுற்றி ஐஸ் வளர்ந்து எஞ்சினின் மூச்சை நெரிக்கும். புறப்படுமுன் சோதனையில் அங்கே சூடான காற்றை அனுப்பும் கார்புரேட்டர் சூட்டுக் குமிழை இழுக்கிறோமே, அதை வெறும் சடங்காகச் செய்யாதீர்கள். இழுத்ததும் ஆர்பிஎம் (எஞ்சின் சுற்றும் வேகம்) கொஞ்சம் குறைந்து அப்படியே நின்றால் சரி. குறைந்து, எஞ்சின் ஒரு முறை இருமி, அப்புறம் தானாக ஏறினால், உள்ளே ஐஸ் இருந்திருக்கிறது, இப்போது உருகிப் போகிறது. குமிழை முழுதாகத் தள்ளியதும் ஆர்பிஎம் முன்பிருந்ததைவிடக் கூடுதலாக நிற்கும். மழை பெய்து ஓய்ந்த காலைகளில் சுபாங்கில் இதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு நாளில் ரன்வே முனையில் காத்திருக்க நேர்ந்தால், கிளம்புவதற்கு முன் இன்னொரு முறை இழுத்துப் பாருங்கள்.

அக்கா மகனின் செய்தி அன்றைக்கு விடிகாலை மூன்றரைக்கு வந்து கிடந்தது, காலையில் எழுந்துதான் பார்த்தேன். பயிற்சியாளரோடு விமானத்தை ஹேங்கருக்குள் தள்ளி, உருக்கி, துடைத்து, காயவைத்து, பகல் 11 மணிக்குக் கிளம்பிப் போய் ஒரு மணி நேரத்தில் இறங்கியும்விட்டார்களாம். கூடவே ஒரு படம், ஏணி மேலிருந்து எடுத்தது. அதற்குக் கீழே எழுதியிருந்தான்: "மாமா, கையுறையக் கழட்டித் தொட்டுப் பார்த்தேன். வாலிலும் இருந்துச்சு."